ஆறு பேர் குடித்த தண்ணீர்

தென்துருவக் கண்டத்தில் உள்ள ஒரு நோர்வேஜிய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருடம் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தேன். அதற்கு முன் ஒஸ்லோவில் பதினெட்டு வருடம் குழாய் வேலை, பெரும்பாலும் பழைய அடுக்குமாடிகளின் நிலவறைகளில். துருவத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட வேலை செய்த ஒருவன் சொன்னான். விளையாட்டாய், பகிடிக்குத்தான் விண்ணப்பித்தேன். கூப்பிட்டு இரண்டு நாள் பரிசோதித்தார்கள், பல்லைக்கூட விடவில்லை. கடிதம் வந்த அன்று, ஒஸ்லோப் புறநகர் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உங்களுக்கு விசரே, பைத்தியமே?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "போகத்தான் போறியள். முகத்தில எழுதிக் கிடக்கு" என்றாள்.

நிலையம் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பனிக்கு மேலே தலைகாட்டும் ஒரு பாறைமேட்டில் இருந்தது. பெப்ரவரிக் கடைசியில் கடைசி விமானம் போய்விட்டால் அடுத்தது நவம்பரில்தான். இடையில் யாருக்கு என்ன நடந்தாலும் ஒருவரும் வரமுடியாது. குளிர்காலத்தில் நாங்கள் ஆறு பேர்.

சுற்றிலும் கண் காணும் தூரமெல்லாம் உறைந்த நன்னீர். ஆனால் ஒரு கோப்பை குடிக்கவேண்டுமென்றால் யாராவது போய் அதை அள்ளி வந்து உருக்கவேண்டும். அது என் வேலை. காற்று வரும் பக்கத்தில், கொடிகள் நட்டு எல்லை குறித்த ஓர் இடம் இருந்தது. எஞ்சின் புகை படாத சுத்தமான பனி அங்கேதான். வண்டியால் அதை அள்ளி வந்து, உருக்கு அறையின் கூரைக் கதவு வழியே ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் கொட்டுவேன். தொட்டிக்குள் பாம்புபோல் வளைந்து ஒரு குழாய் ஓடும். ஜெனரேட்டரின் சூட்டை அந்தக் குழாய் கொண்டுவந்து பனியை உருக்கும். உருகிய தண்ணீர் வடிகட்டிகளைத் தாண்டிப் பிரதான கட்டடத்துக்குப் போகும்.

அந்தக் குழாய்க்குள் ஓடுவது தண்ணீர் அல்ல. தண்ணீர் என்றால் ஒருநாள் உறைந்து குழாயை வெடிக்கவைத்துவிடும். அதனால் உறையாத ஒரு திரவம் விடுவோம், கிளைக்கோல் என்று பெயர். அதில் இரண்டு வகை. ஒன்றை மனிதன் தவறிக் குடித்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. குடிதண்ணீர் உருக்கும் குழாய்க்கு அதைத்தான் விடவேண்டும். மற்றது வாகன எஞ்சினுக்கு விடுவது. அது நஞ்சு, சிறுநீரகத்தை அழிக்கும். எங்கள் நிலையத்தில் இரண்டும் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரியான, பீப்பாய் போன்ற நீலப் பரல்களில், இரண்டும் நிறமில்லாமல், இரண்டும் இனிப்பு.

ஜூனில் சூரியன் முற்றாக இல்லாமல் போயிருந்தது. ஒருநாள் காலை, சூட்டுக் குழாயின் மட்டம் காட்டும் கண்ணாடியில் திரவம் குறைந்திருக்கக் கண்டேன். அது வழமையில் நடப்பதுதான், மூட்டுகளில் கசியும். குளிர்க் களஞ்சியத்துக்குப் போனேன். சரியான கிளைக்கோல் வைக்கிற வரிசையில் ஐந்து பரல்கள் நின்றன. முன்னால் நின்றது ஏற்கெனவே திறந்தது. அதன் லேபிள் குளிரில் உரிந்து, பசைத் தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்றதெல்லாம் சரியான சரக்கு, இதுவும் அதுதான் என்று நினைத்தேன். பத்து லீற்றர் எடுத்து ஊற்றினேன். ஊற்றியதைப் பதிவுப் புத்தகத்திலும் எழுதினேன்.

இரண்டு கிழமை கழித்து மட்டம் மறுபடி இறங்கியிருந்தது.

இந்தமுறை கசிவைத் தேடினேன். ஒவ்வொரு மூட்டையும் வெறுங்கையால் தடவினேன். நிலத்தில் முழங்காலில் ஊர்ந்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. நிலம் எலும்புபோல் காய்ந்து கிடந்தது. அப்படியே தொட்டியின் காலோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே கசியவில்லையென்றால் உள்ளேதான் கசிகிறது. தொட்டிக்குள், நாங்கள் குடிக்கிற தண்ணீருக்குள்.

அதற்குப் பிறகுதான் லேபிள் இல்லாத அந்தப் பரல் நினைவுக்கு வந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. இதை எழுதுவதே அந்த இரண்டு நாளை ஒளிக்காமல் சொல்லத்தான். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வோம் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் என்னிடமிருந்த கருவிகள் உப்பைக் காட்டும், அமிலத்தைக் காட்டும், இதைக் காட்டா. அது எனக்கு முதலே தெரியும். உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன். ஐந்து பேருக்கு நஞ்சு கொடுத்தவன் என்று அந்த மேசையில் எப்படி எழுந்து சொல்வது? சொல்லிவிட்டு அடுத்த ஐந்து மாதம் அதே ஐந்து பேரோடு எப்படி ஒரே கூரைக்குள் இருப்பது?

சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை எப்போதும் நிறைந்திருக்கும். ஒவ்வொருவரும் அதிலிருந்து ஊற்றிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் குடித்தேன். நான் மட்டும் குடிக்காமல் விடுவது அதைவிடக் கேவலமாகப் பட்டது. நாக்கில் எல்லாம் இனித்தது. கோப்பி இனித்தது, சூப் இனித்தது, பல் துலக்கிய பின் வாயே இனித்தது. அது உண்மையான இனிப்பா, பயம் உண்டாக்கிய இனிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாம் நாள் வீட்டுக்குக் கதைக்கிற முறை.

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. சுகமில்லையே?" என்றாள் மனைவி.

"தடிமன்."

"அங்கை ஆறு பேர்தானே. கிருமி எங்கையிருந்து வந்தது?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்னப்பா நடந்தது? சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லை. நீர் எனக்காகச் செபம் சொல்லும்."

நான் அப்படிக் கேட்பவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கோயிலுக்கு வருவதற்கே என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

அடுத்த நாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது சமையல்காரி வரவில்லை. அவள் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்பெஸ்ட் பெண், ஐம்பது வயது, மீன்பிடிக் கப்பல்களில் சமைத்துப் பழகியவள். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. மருத்துவர் சொன்னார்: "காலையிலிருந்து சத்தி எடுக்கிறாள், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தலைச்சுற்றலும் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்."

எதிரே இருந்த மின்சார வேலைக்காரன் குவளையை எடுத்துத் தன் கிளாசை நிரப்பினான்.

"குடிக்காதே!" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். மேசையில் விளங்கிக்கொண்டவள் ஒருத்திதான். காற்றிலுள்ள துகள்களை அளக்க வந்திருந்த ஆராய்ச்சியாளப் பெண். தமிழ்நாட்டவள், ஒஸ்லோவில் வேலை செய்பவள். முதல் நாளிலிருந்தே அவள் என்னை அண்ணா என்றாள், நான் தங்கச்சி என்றேன். நான் பரல் என்பதை அவள் டிரம் என்பாள். கவனமாகப் பார் என்று நினைத்து "வடிவாய்ப் பார்" என்று நான் சொன்னால், "அழகாவா பார்க்கணும்?" என்று சிரிப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி அவனுடைய கிளாசை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

நான் எழுந்து நின்று சொன்னேன். மட்டம் இறங்கியது, பரலில் லேபிள் இல்லாதது, நிலம் காய்ந்திருந்தது, எல்லாம். நிலையத் தலைவர் அதிகம் பேசாத, நெட்டையான மனிதர். முடியும்வரை கேட்டார்.

"எப்போது கண்டுபிடித்தாய்?"

"இரண்டு நாளுக்கு முன்."

மருத்துவர் கதிரையைத் தள்ளிவிட்டு சமையல்காரியின் அறைக்கு ஓடினார். தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளா தெரிஞ்சும் சொல்லலையா?"

"ஓம்."

"நேத்து நான் எத்தனை டீ குடிச்சேன்னு நீங்க பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன். நாலு. அதையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார். அவசரத்துக்கென்று அட்டைப்பெட்டிகளில் அடைத்த தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அது நோயாளிக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பனியை அள்ளி வந்து குசினியில் சட்டிகளில் உருக்கவேண்டும். ஆனால் மூன்று நாளாகப் புயல். அந்தக் காற்றில் வண்டி எடுக்க அனுமதி இல்லை. கட்டடத்தைச் சுற்றிய பனியில் புகைக்கரி. கொடி நட்ட இடத்துக்குக் காற்றை எதிர்த்து நடந்துதான் போகவேண்டும். அந்த வழியை நன்றாக அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றது தங்கச்சி; அவளுடைய கருவிகளும் அந்தப் பக்கம்தான்.

"நான் போறேன்" என்று நோர்வேஜிய மொழியில் தலைவரிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு, பெட்டிகள் ஏற்றிய சிறு சறுக்கு வண்டியை இழுத்தபடி புறப்பட்டோம். பகல் ஒரு மணி. வழமையில் அந்த நேரம் வடக்கே அடிவானத்தில் மங்கலாக ஒரு நீலம் தெரியும். அன்று அதுவும் இல்லை. தலை விளக்கு தன் முன்னால் பறக்கிற பனியைத்தான் காட்டியது. வழிநெடுகவும் கொடிகள் நட்டிருந்தோம்; ஒன்றைத் தொட்டபின் அடுத்ததைத் தேடவேண்டும். கொடிக்குக் கொடி பத்து மீற்றர். அந்தப் பத்து மீற்றரில் உலகமே இல்லை. வாய் தானாக "அருள் நிறைந்த மரியே" சொல்லத் தொடங்கியது. பாதியில் மறந்து, திரும்பத் திரும்ப முதல் வரியையே சொன்னேன்.

போய்ச் சேர்ந்தோம். மண்வெட்டியால் பெட்டிகளை நிரப்பினோம். திரும்பும்போது காற்று முதுகில், நடை இலகுவாக இருந்தது. நாலாவது கொடியைத் தொட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இறுகவில்லை. கைக்குச் சும்மா வந்தது.

அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் நான் பட்டதைப் பயம் என்று சொன்னால் போதாது. தவழ்ந்து கயிற்றின் வழியே பின்னால் போனேன். முடிவில் அவள் பனியில் உட்கார்ந்திருந்தாள், கயிறு இடுப்பிலேயே இருந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா! கண்ணு தெரியல! அண்ணா!"

கண்ணாடியின் உள்ளே மூச்சு உறைந்து, இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வேறொன்றுமில்லை.

"நான் நிக்கிறன், பயப்பிடாதே. ஐஸ்தான். கண்ணைத் தேய்க்க வேண்டாம்."

என் முகமூடியை இறக்கி, அவள் கண்களில் வாயை வைத்து ஊதினேன். ஒரு கண் திறந்தது. அவளை எழுப்பி, அவளுடைய கையை என் தோள் பட்டியில் கோத்துக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்து உள்ளே விழுந்தபோது எனக்கு மூக்கின் நுனி செத்துப்போயிருந்தது. நான்கு பெட்டிப் பனி கொண்டுவந்தோம். சட்டியில் போட்டு உருக்கியபோது ஒரு பெட்டிக்கு அடியில் நாலு விரல் தண்ணீர்தான் தேறியது.

பரலில் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது என்பதை அவள்தான் சொன்னாள். கண்கள் சிவந்து வீங்கியிருக்க, குசினி வாங்குப் பலகையில் போர்வையோடு உட்கார்ந்தபடி.

"எடை போட்டுப் பார்த்தா தெரியும். ரெண்டுக்கும் டென்சிட்டி வேற. குசினித் தராசு போதும்."

குசினி என்ற சொல்லை என்னிடமிருந்துதான் பிடித்திருந்தாள்.

லேபிள் இல்லாத பரலிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தேன். முத்திரை உடையாத சரியான பரலிலிருந்து இன்னொரு வாளி. இரண்டும் பாகுபோல் கிடந்தன. அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்கவேண்டும் என்றாள். இரண்டு மணித்தியாலம் அந்த வாளிகளுக்கு முன்னால் இருந்தோம். நடுவில் மருத்துவர் வந்து, சமையல்காரி தூங்குகிறாள் என்றார். பிறகு, நஞ்சு வகைக்கு மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் ஓர் ஆளுக்குத்தான் போதும் என்றார். "அது முடிந்தால் சாராயம். பகிடியில்லை. சாராயமும் அந்த நஞ்சைத் தடுக்கும்." பகிடி என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒரு மருந்து, ஆறு பேர். அந்தக் கணக்கை எல்லோரும் மனதுக்குள் போட்டிருப்பார்கள். அது எனக்கு வராது, வரக்கூடாது என்று நான் முடிவுசெய்தேன்.

முதலில் ஒரு லீற்றர் தண்ணீர் நிறுத்தோம். ஆயிரம் கிராம், தராசு சரி. பிறகு சரியான பரல். ஆயிரத்து நாற்பதுக்குக் கிட்ட. அவள் தலையாட்டினாள், அப்படித்தான் வரவேண்டும். பிறகு மற்றது. இலக்கங்கள் ஏறி, ஆயிரத்து நாற்பதில் நிற்காமல், ஆயிரத்து நூறையும் தாண்டி, ஆயிரத்து நூற்றுப்பத்தில் நின்றன.

"ஐயோ" என்றாள் மெதுவாக.

கவிழ்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயதில், ஒரு குசினித் தராசுக்கு முன்னால். நான் ஊற்றியது நஞ்சுதான்.

மருத்துவர் எங்களை வரிசையில் இருத்திச் சொன்னார்: "நஞ்சு குழாயிலிருந்த பழைய திரவத்தோடு கலந்து, அதில் கொஞ்சம் கசிந்து, பிறகு தொட்டித் தண்ணீரில் கரைந்திருக்கிறது. மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் 'இருக்கும்' என்ற சொல்லை நான் நம்பமாட்டேன்." நோர்வேயில் ஒரு மருத்துவமனையோடு தொலைபேசியில் கதைத்தார். மூன்று நாள், காலையும் மாலையும் ஆறு போத்தல்களில் எங்கள் சிறுநீர். நஞ்சு வேலை செய்தால் அதில் ஊசிபோலப் பளிங்குகள், அதாவது படிகங்கள், தெரியுமாம். அவர் நுண்ணோக்கிக்கு மேல் குனிந்திருக்கும்போது நாங்கள் அறைவாசலில் நிற்போம். ஒவ்வொரு போத்தலாக "இல்லை" என்பார். சமையல்காரியின் போத்தலை இரண்டு தரம் பார்ப்பார்.

மூன்றாம் நாள் அவள் எழுந்து வந்தாள். குளிர்ப்பெட்டியில் மறந்துபோய்க் கிடந்த பழைய இறாலை, எறிய மனமில்லாமல் தான் தின்றதாக ஒப்புக்கொண்டாள். அந்தச் சத்தி இறாலால் வந்ததாக இருக்கலாம் என்றார் மருத்துவர். "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். ஆறு பேருக்கும் ஒரு பளிங்கும் தெரியவில்லை. மருந்துப் பெட்டி திறக்கப்படாமலே இருந்தது.

புயல் விட்டபின் தொட்டியை வடித்து, நான் உள்ளே இறங்கினேன். வளைந்த குழாயில் ஒட்டுப் போட்ட இடத்தில் மயிர் அளவு வெடிப்பு. தண்ணீருக்கு அடியில் என்பதால் அது ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது. அந்தக் குழாயை முழுதாக வெட்டி வெளியே எடுத்தேன். மாற்றாக வைத்திருந்த மின்சூட்டுக் கம்பிகளை மின்சார வேலைக்காரன் பொருத்தினான். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் நாலு நாள் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தோம். ஐந்தாம் நாள் அவன் கோப்பிப் போத்தலின் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினான். குடித்தேன். தொட்டியை நாலு தரம் நிரப்பிக் கழுவினோம். அதுவரை பதினொரு நாள் எல்லோரும் சட்டியில் உருக்கிய பனியைத்தான் குடித்தோம். குளிப்பு இல்லை. முதல் தண்ணீர் மேசைக்கு வந்த அன்று ஒருவரும் குவளையைத் தொடவில்லை. தங்கச்சிதான் ஊற்றிக் குடித்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு தமிழில், எனக்கு மட்டும்: "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

"அடுத்த தடவை எதுன்னாலும் உடனே சொல்லுங்க."

தலைவர் அறிக்கை எழுதினார். பரல் பிழையான வரிசையில் வைக்கப்பட்டிருந்தது, லேபிள் இல்லை, நிறச் சாயம் சேர்க்கப்படவில்லை. முந்தின அணியில் யாரோ விட்ட பிழை என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார். வாசித்தேன்.

"இரண்டு நாள் நான் சொல்லாமல் இருந்தது இதில் இல்லை."

"எழுதத்தான் வேண்டுமா?"

"ஓம்" என்றேன். அதுவும் தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது. ஒரு வரி சேர்த்தார்.

நவம்பரில் விமானம் வந்தது. தொட்டியை வடிக்குமுன் எடுத்து உறையவைத்த தண்ணீர் மாதிரிகளை அதில் அனுப்பினோம். ஒஸ்லோவுக்கு நான் திரும்பிய பின் முடிவு வந்தது. நஞ்சின் சுவடு இருந்தது, ஆபத்தான அளவுக்கு வெகு கீழே. அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கண்டிப்பான கடிதம் ஒன்று தந்தார்கள். இப்போது அங்கே நஞ்சு வகைப் பரல்கள் வேறு கட்டடத்தில், வேறு நிறத்தில் நிற்கின்றனவாம்.

மனைவியிடம் ஹொல்ம்லியா புகையிரத நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நடுவழியில் நின்றுவிட்டாள்.

"நீங்கள் செபம் சொல்லச் சொன்ன அண்டு ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சன்" என்றாள். "நீங்களும் அந்தத் தண்ணியைக் குடிச்சனீங்களோ?"

"குடிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டோ?"

வீடு போய்ச் சேரும்வரை அவள் என் கையை விடவில்லை.

அறிக்கை என்ன சொன்னாலும் பயம் போகவில்லை. சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும் என்று எங்கோ வாசித்துவிட்டேன். எங்கள் குடும்ப மருத்துவரிடம் போய் இரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரி என்றார். அது போதவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் எழுதினேன், நீங்களும் பாருங்கள் என்று. நாலு பேர் சில நாட்களுக்குள் பதில் போட்டார்கள், சுகம் என்று. தங்கச்சி தன்னுடைய பரிசோதனை முடிவைப் படம் பிடித்தே அனுப்பியிருந்தாள். சமையல்காரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மூன்று கிழமை. ஒவ்வொரு நாளும் வேலை இடைவேளையில் தொலைபேசியைப் பார்ப்பேன். பல தரம் அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை, நேரே பதிவுக் குரல். இறால் என்றது அவள் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாக இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கினேன். சாப்பாடு இறங்கவில்லை. தலைவருக்கு எழுதிக் கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவும் பயம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு நிலவறையில் குழாய் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் அழைத்தாள். பின்னால் கடற்பறவைகளின் இரைச்சல்.

"கடலில் நின்றேன். இப்போதுதான் கரைக்கு வந்தோம்" என்றாள். "எத்தனை தரம் எடுத்திருக்கிறாய்! யார் செத்தது?"

"நீ எண்டு நினைச்சன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவளுடைய மொழியில் சொன்னேன்.

"இரத்தம் போன மாதமே பார்த்தேன். நல்லாக இருக்கிறது" என்றாள். "இறால் உண்மைதான். அதையும்தானே கேட்க நினைத்தாய்?"

ஓம் என்றேன். குழாய் அறுக்கிற வாளை நிலத்தில் வைத்துவிட்டு, அந்தச் சீமெந்துத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் மீன் பிடிபட்ட கதையை நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.